பிள்ளையின் குணம் திடீரென மாறினால்



நேற்றுவரை சிரித்து விளையாடிய பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் அலறுகிறது, பெற்றோரையே அடிக்கிறது. சில நாட்களில் பேச்சு குறைகிறது, வலிப்பு வருகிறது, வாயும் கைகளும் தாமாகவே அசைகின்றன. "ஐயா, இது அசுத்த ஆவியோ?" என்று பெற்றோர் கண்ணீரோடு எங்களைக் கேட்பதுண்டு. நாங்கள் அவர்களைக் கடிந்துகொள்வதில்லை. ஆனால் இது மூளையில் உண்டாகும் ஒரு வியாதியாக இருக்கக்கூடும் என்பதைச் சபையார் யாவரும் அறிந்திருப்பது நல்லது.

நம் சரீரத்தில் கிருமிகளோடு போராடும் எதிர்ப்பொருள்கள் உண்டு. சில வேளைகளில் அவை வழிதவறி, மூளையின் நரம்பணுக்கள் செய்தி பரிமாற உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளையே தாக்குகின்றன. நோய் முற்றினால் சுவாசமும் இருதயத் துடிப்பும் தடுமாறி, பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியில் வைக்க நேரிடும். டாக்டர் ஜோசப் டால்மோ குழுவினர் 2007-ல் இந்த எதிர்ப்பொருளைக் கண்டறிந்து விளக்கினார்கள்.

தலை ஸ்கேன் பல வேளைகளில் சரியாகவே இருக்கும். ஆகவே முதுகிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிப்பது அவசியம். "கால் விளங்காமல் போய்விடுமே" என்று பலர் அஞ்சுகிறார்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போடப்படுகிறது. அப்படி நேருவது மிக அரிது.

கிருமித் தொற்று இல்லையென்று கண்டதும், எதிர்ப்பொருள் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமலே மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவதுண்டு. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று ஆகியவை முதல் மருந்துகள். சில பெண்பிள்ளைகளுக்குச் சூலகத்தில் கட்டி இருக்கும், அதை அகற்றவேண்டும். இம்யூனோகுளோபுலின் ஆயிரக்கணக்கானோர் கொடுத்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்படுவது. விலை மிக அதிகம். வழக்கமாக எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம், 20 கிலோ பிள்ளைக்கு 40 கிராம் வேண்டும். கூலிவேலை செய்யும் தகப்பன் அதற்கு எங்கே போவார்? உங்கள் காணிக்கைகள் இத்தகைய நேரங்களில்தான் கைகொடுக்கின்றன.

2013-ல் வெளியான 577 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், 24 மாதங்கள் கவனிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 100-க்கு 80 பேர் நல்ல சுகம் பெற்றிருந்தனர். சீக்கிரம் சிகிச்சை பெற்றவர்களே நன்றாகத் தேறினர். தேறுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். பெற்றோர் சோர்ந்துபோகாதபடி தாங்குவது நம் கடமை.

உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் ஜெபியுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் செல்லுங்கள்.