பொத்தான் போடும் தசைகள்

உங்கள் இடது முன்கையை வலக்கையால் பற்றிக்கொண்டு, இடக்கை விரல்களை இறுக மூடிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே தசை புடைக்கிறதல்லவா? வாளியைத் தூக்கும் பிடி அங்கேதான் பிறக்கிறது. நீண்ட தசைநாண்கள் அந்த விசையை விரல்களுக்குக் கொண்டு செல்கின்றன.

இப்போது ஒரு தாளை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நண்பரை அதை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமல் பிடிப்பவை கைக்குள்ளேயே இருக்கும் சிறு தசைகள். பொத்தான் போடுவது, பேனா பிடிப்பது, சாவியைத் திருப்புவது எல்லாம் இவற்றின் தயவில்தான்.

இச்சிறு தசைகள் மெல்ல மெல்ல நலிந்துபோகும் பரம்பரை நரம்பு நோய் ஒன்று உண்டு. 1886இல் பாரிஸில் ஷார்க்கோ, மாரீ என்ற மருத்துவர்களும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் டூத் என்பவரும் அதை விவரித்தார்கள். ஆகவே அது ‘ஷார்க்கோ-மாரீ-டூத் நோய்’ ஆயிற்று. (பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) சுமார் 2500 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நோய் பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும். ஏன்? தசையை இயக்கும் நரம்புச் செல்லின் உடல் தண்டுவடத்தில் இருக்கிறது. அதிலிருந்து பாதம் வரை ஓடும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். நுனிக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே போய்ச் சேர வேண்டும். வாய்க்காலில் கோளாறு என்றால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே? காலுக்கு அடுத்தபடி நீளமானவை கை நரம்புகள். அங்கே கடைமடை, விரல்களும் உள்ளங்கையும். முன்கைத் தசைகளோ வெகுநாள் தாக்குப் பிடிக்கும்.

எனவே இந்நோய் உள்ளவர் வாளியைத் தூக்கிவிடுவார். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறுவார். விரல் நுனியில் உணர்ச்சியும் குறைவதால், பைக்குள் சில்லறையைத் தடவி எடுப்பதுகூடச் சிரமம். குளிர்காலத்தில் விரல்கள் இன்னும் மந்தமாகும். பரீட்சைத்தாளின் முதல் பக்கத்தில் திருத்தமாக இருந்த கையெழுத்து நான்காம் பக்கத்தில் கோணிப்போனால், பார்ப்பவர்கள் அதைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறார்கள். வாளி தூக்கத் தெரிந்தவனுக்கு எழுத வலிக்குமா என்ற கேள்வி வேறு! இரண்டும் வெவ்வேறு தசைகளின் வேலை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்நோயில் பல வகைகள் உண்டு. அதிகம் காணப்படும் வகையில் 17ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இரட்டித்திருப்பது 1991இல் தெரியவந்தது. நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறைக்கான புரதத்தின் ஜீன் அதில்தான் இருக்கிறது. இரண்டு பிரதிகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று! உறை கெடுகிறது, விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓட வேண்டிய செய்தி 20 மீட்டர் அளவுக்குக் குறைகிறது. ஆனால் கையை முடக்குவது இந்த வேகக்குறைவு அல்ல. நாளடைவில் உள்ளிருக்கும் இழையே நைந்துபோவதுதான். இவ்வகையில் பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. தடித்த பேனாவும், கட்டைவிரலைத் தாங்கும் பட்டையும் உதவுகின்றன. சிலருக்கு அறுவை சிகிச்சை செய்து, வலுவாக உள்ள ஒரு முன்கைத் தசையின் நாணைக் கட்டைவிரலுக்கு மாற்றிக் கட்டுகிறார்கள். 1940களின் இறுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு இத்தகைய நாண் மாற்றங்களைச் செய்யத் தொடங்கினார். தொழுநோய் கிருமியால் வருவது, பரம்பரை நோயன்று. என்றாலும் அதுவும் இதே கை நரம்புகளைத் தாக்குகிறது.

இதற்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது மோதிர விரலை மடக்கும் இரு தசைகளில் ஒன்றின் நாண். சிகிச்சைக்குப் பின் நோயாளி புதிதாகப் பழக வேண்டும். மோதிர விரலை மடக்குவதாக நினைத்துக்கொள்வார், அசைவதோ கட்டைவிரல்!