வீட்டு வாசலில் துருவ ஒளி

2024 மே 10, வெள்ளிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் தென்பகுதியில், ரெடிங் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பத்தே முக்கால் மணியளவில் பேத்தி என்னை எழுப்பிப் பின்புறத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றாள். வடக்கு வானில் சாம்பல் நிறத் திரையொன்று அசைவது போலிருந்தது; மெல்லிய மேகம் என்றே நினைத்தேன். பூந்தொட்டியின் மீது கைப்பேசியைச் சாய்த்து வைத்து அவள் எடுத்த படத்தில் அதே திரை இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒளிர்ந்தது. பெரும் பொருள் செலவழித்து நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் சென்று காணும் துருவ ஒளி, துணி உலர்த்தும் கொடிக்கு மேலே நின்றது.

கேமரா பொய் சொல்கிறதோ என்பதே என் முதல் ஐயம். அப்படியல்ல. மங்கலான வெளிச்சத்தில் நம் விழித்திரையின் நிறமறியும் செல்கள் ஏறக்குறைய செயலற்றுப் போகின்றன. கேமராவோ பல விநாடிகளுக்கு ஒளியைத் திரட்டுகிறது. ஆகவே, படத்தில் தெரியும் நிறம் வானில் உள்ளதே. நம் கண்ணுக்குத்தான் அது எட்டவில்லை.

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்னேற்றத் துகள்களின் மேகம், ஓரிரு நாள்களில் பூமியை அடைந்து அதன் காந்தப்புலத்தைக் குலைக்கிறது. அப்போது முடுக்கிவிடப்படும் எலெக்ட்ரான்கள் மேல்வளிமண்டலத்து அணுக்களோடு மோதுவதால் ஒளி பிறக்கிறது. ஏறத்தாழ 100 முதல் 200 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாகவும், அதற்கு மேல் சிவப்பாகவும் ஒளிர்கிறது. அன்றைய புயல், ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் உச்சமான ஜி-5 நிலையை எட்டியது. 2003 அக்டோபருக்குப் பிறகு அதுவே முதல்முறை. அதே இரவில் லடாக்கின் ஹான்லேயில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராவும் அடிவானில் செந்நிற ஒளியைப் பதிவு செய்தது. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு, பூமியின் வளைவைத் தாண்டி ஒளியின் உயரமான சிவப்புப் பகுதி மட்டுமே தெரியும்.

இதைப் படமெடுக்க விலையுயர்ந்த கருவி கட்டாயமன்று. கைப்பேசியின் இரவு முறையே போதும். ஆனால், கையில் பிடிக்காமல் முக்காலியிலோ சுவரிலோ அசையாதபடி நிறுத்த வேண்டும். கேமரா வைத்திருப்போர் அகலக் கோண லென்ஸை முழுமையாகத் திறந்து, ஐஎஸ்ஓ 1600 அளவில் வைத்து, ஒரு நட்சத்திரத்தின் மீது கையாலேயே குவியம் சரிசெய்து, 5 முதல் 15 விநாடிகள் வரை ஒளியை அனுமதிக்கலாம். ஒளி வேகமாக அசைந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது.

எல்லாம் செய்தும் எங்கள் படங்களில் பாதி வெளிறிப் போயிருந்தது. காரணம், பக்கத்து வீட்டுத் தோட்ட விளக்கு. மாப்பிள்ளை வேலியோரம் சென்று தயக்கத்துடன் கேட்டதும், அந்த வீட்டுக்காரர் விளக்கை அணைத்துவிட்டுத் தாமும் வெளியே வந்து நின்றார். தலைக்கு மேல் நடப்பது அதுவரை அவருக்குத் தெரியாது. அடுத்த படம் தெளிவாக விழுந்தது.

ஒருவர் செயலின் சுமை தொடர்பில்லாத மற்றொருவர் மீது விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை வகுப்பறையில் விளக்கியவன் நான். ஆலைப் புகையும் ஆற்றில் கலக்கும் கழிவுமே என் எடுத்துக்காட்டுகள். வீணாக மேல்நோக்கிச் சிந்தும் வெளிச்சமும் ஒரு மாசு என்று ஒருநாளும் சொன்னதில்லை. இருட்டுக்குச் சந்தையில் விலை இல்லை. அதனாலேயே அதன் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்த இழப்பை மீட்பது கடினமன்று. 2022-இல் ஹான்லே பகுதி இருள் வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே விளக்குகளுக்கு மறைப்பிட்டும் வாகன முகப்பு விளக்குகளைத் தாழ்த்தியும் மக்களே இருட்டைக் காக்கின்றனர். தெருவிளக்கின் ஒளியைத் தரையை நோக்கித் திருப்பினால் மின்சாரமும் மிச்சமாகும். உள்ளாட்சி அமைப்புகளுக்கு இது பெருஞ்செலவும் அன்று.

சூரியனின் சீற்றம் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சம் தொடுகிறது. அடுத்த உச்சத்தில் நான் இருப்பேனோ, அறியேன். பேத்தி இருப்பாள். அவளுக்கு அன்று தேவைப்படுவது புதிய கேமரா அல்ல. அணைக்கப்பட்ட ஒரு விளக்கு.