உம்மும்மாவின் வெட்கமும் சத்திரசிகிச்சை நிபுணரின் கத்தியும்

சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் மாலை. வாட்டில் நோயாளரைப் பார்வையிடும் நேரம். உம்மும்மாவின் கட்டிலருகே உம்மாவும் நானும் நின்றிருந்தோம். சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். காய்ச்சல் அட்டவணையைப் பார்த்தார். வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அம்மா, காற்றுப் பிரிஞ்சதா?"

உம்மும்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மா என் கையில் கிள்ளினார். டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பரீட்சைப் பெறுபேறு கேட்பவரைப் போல மிகவும் அக்கறையோடு அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். உம்மும்மா தலையை மட்டும் அசைத்தார். "நல்லது, மிச்சம் நல்லது" என்று சொல்லிவிட்டு, அன்றிரவு கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்று தாதியிடம் சொன்னார்.

இத்தனை பெரிய சத்திரசிகிச்சையைச் செய்த ஒருவர் இந்தச் சின்னக் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார்? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அன்று விடை தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோது, வயிற்றுப் புற்றுநோய்களுக்குச் சிகிச்சை செய்யும் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை என்னவென்று கொஞ்சம் விளங்கிற்று. எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவறும் விளங்கிற்று. இரண்டையும் இங்கு எழுதுகிறேன்.

வயிறு என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், நேர்குடல், ஈரல், பித்தப்பை, சதையி என்று பல அங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வரும் புற்றுநோயின் குணம் வேறு. ஆனால் இவற்றுக்குப் பொதுவான ஒரு இயல்பு உண்டு: ஆரம்பத்தில் அனேகமாக வலிப்பதில்லை. குடல் விரிந்து கொடுக்கும் ஒரு குழாய். உள்ளே கட்டி வளர்ந்தாலும் நீண்ட காலத்துக்கு உணவுக்கு வழிவிட்டுக் கொண்டே இருக்கும். பெருங்குடலின் வலது பக்கத்தில் மலம் இன்னும் நீர்த்தன்மையாக இருப்பதால், அங்கே கட்டி வந்தால் அடைப்பு ஏற்படுவதற்கு வெகு முன்பே குருதி சிறிது சிறிதாகக் கசிந்து சோகை உண்டாகலாம். இடது பக்கத்தில் குழாய் ஒடுக்கம், மலமும் இறுக்கம். ஆகவே அங்கே மலம் கழிக்கும் பழக்கம் மாறும், குருதியும் தெரியும். உம்மும்மாவுக்கு வந்தது இடது பக்கத்தில்.

சத்திரசிகிச்சை நிபுணர் என்றால் வெட்டுபவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அவருடைய வேலையின் பெரும் பகுதி வெட்டுவதற்கு முன்பே நடக்கிறது. வெட்டலாமா, வெட்டக்கூடாதா என்று தீர்மானிப்பதுதான் அது.

இந்தத் தீர்மானத்தின் பாரத்தை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே உணர்ந்தவர் அல் ஸஹ்ராவி. ஸ்பெயினின் குர்துபா நகருக்கு அருகே வாழ்ந்து 1013 இல் காலமானவர். அவர் எழுதிய 'அத்தஸ்ரீப்' என்னும் நூல் 30 பாகங்களைக் கொண்டது. அதன் கடைசிப் பாகம் முழுவதும் சத்திரசிகிச்சை பற்றியது. ஏறக்குறைய 200 கருவிகளின் படங்கள் அதில் உள்ளன. விலங்கின் குடலிலிருந்து எடுத்த நூலால் உட்காயங்களைத் தைக்கும் முறையையும் அவர் விளக்கியிருக்கிறார். இவ்வளவு கைத்திறன் உள்ளவர் புற்றுநோய் பற்றி எழுதும்போது மிகவும் பணிவாக எழுதுகிறார். கட்டி சிறியதாக, ஆரம்ப நிலையில், முழுவதும் அகற்றக்கூடிய இடத்தில் இருந்தால் வெட்டலாம். பழையதாகி, பெருத்துவிட்டால் தொடாதே என்கிறார். அப்படிப்பட்ட ஒன்றைத் தன்னால் குணப்படுத்த முடிந்ததில்லை என்றும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்.

இன்று இந்தத் தீர்மானத்தை எடுக்கக் கருவிகள் உதவுகின்றன. நுனியில் கமெரா பொருத்திய நீண்ட குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி, கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பயொப்சி, உடலைக் குறுக்கே துண்டு துண்டாகக் காட்டும் சீ.ரீ. ஸ்கேன் என்பன அவை. இவற்றைக் கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார்கள். கட்டி குடற் சுவரில் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது? பக்கத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா? ஈரல், நுரையீரல் போன்ற தூர அங்கங்களுக்குப் போயிருக்கிறதா? இந்த மூன்று விடைகளும் சேர்ந்ததுதான் நோயின் 'நிலை'. சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் வைத்தியர், கதிரியக்க நிபுணர், நோயியல் நிபுணர் எல்லோரும் கூடிப் பேசித்தான் முதலில் மருந்தா, கதிர்ச் சிகிச்சையா, கத்தியா என்று முடிவெடுக்கிறார்கள்.

கத்தி என்ற முடிவும் எப்போதும் கைகூடியதில்லை. 1846 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கமருந்து பகிரங்கமாகச் செய்துகாட்டப்படும் வரை வயிற்றைத் திறப்பதென்பது நினைத்தும் பார்க்க முடியாத வேதனை. 1867 இல் ஜோசப் லிஸ்டர் கிருமிகளைக் கொல்லும் முறையை வெளியிடும் வரை வலியைத் தாங்கியவர்களையும் காயத்தில் சீழ் பிடித்துக் கொன்றது. அதன் பின்பும் 1879 இல் பிரான்சின் பெயான், 1880 இல் போலந்தைச் சேர்ந்த ரிடிகியர் இருவரும் இரைப்பைப் புற்றுநோயை வெட்டியகற்ற முயன்றார்கள். இரு நோயாளிகளும் சில நாட்களுக்குள் இறந்தார்கள்.

1881 ஜனவரி 29 ஆம் திகதி வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்பவர் தெரேசே ஹெல்லர் என்னும் 43 வயதுப் பெண்ணின் வயிற்றைத் திறந்தார். அவருடைய இரைப்பை சிறுகுடலைச் சந்திக்கும் வாயிலைக் கட்டி அடைத்திருந்தது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. பில்ரோத் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, மீதி இரைப்பையைச் சிறுகுடலோடு தைத்து இணைத்தார். ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. தையல் பிரியவில்லை. அந்தப் பெண் எழுந்தார், சாப்பிட்டார், வீடு சென்றார். ஆனால் நான்கு மாதம் அளவில் இறந்துவிட்டார். புற்றுநோய் ஈரலில் வளர்ந்திருந்தது.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கத்தி வென்றது, காலம் தோற்றது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட வருடங்கள் கழிந்த பின்பும் இந்தத் துறையின் கதை அனேகமாக இதுதான்.

சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள் என்ன நடக்கும் என்பதை எங்கள் டொக்டர் ஒரு வெள்ளைத் தாளில் படம் வரைந்து வாப்பாவுக்கு விளக்கினார். அந்தத் தாள் இன்னும் என் உயிரியல் கொப்பிக்குள் இருக்கிறது. முதலில் நோயாளியின் பெயர், நோய், செய்யப்போகும் சிகிச்சை எல்லாவற்றையும் குழு உரத்துச் சொல்லிச் சரிபார்க்கும். உலக சுகாதார நிறுவனம் 2008 இல் அறிமுகப்படுத்திய சரிபார்ப்புப் பட்டியல் இது. வயிற்றைத் திறந்ததும் நிபுணர் உடனே கட்டியில் கை வைப்பதில்லை. ஈரலைப் பார்ப்பார், குடலைச் சூழ்ந்த மென்சவ்வைப் பார்ப்பார். ஸ்கேனில் தெரியாத சிறு பரவல்கள் அங்கே இருக்கலாம்.

அதன் பின், கட்டியை மட்டும் தோண்டி எடுப்பதில்லை. இரு பக்கமும் நல்ல குடலையும் சேர்த்து, குடலைத் தாங்கி நிற்கும் விசிறி போன்ற கொழுப்பு மடிப்பையும் அகற்றுவார்கள். ஏனென்றால் குருதிக் கலன்களும் நிணநீர்க் கணுக்களும் அந்த மடிப்புக்குள்தான் இருக்கின்றன. புற்றுநோய்க் கலங்கள் பயணம் போகும் பாதையும் அதுதான். நேர்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுமையாக எடுக்க வேண்டும் என்பதை 1982 இல் இங்கிலாந்தின் பில் ஹீல்ட் விளக்கினார். அந்த முறை பரவிய பின், அதே இடத்தில் நோய் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவுமில்லை. எந்தத் தளத்தில் வெட்டுவது என்ற தெளிவுதான் உயிர்களைக் காத்தது.

கடைசியில் வெட்டிய இரு முனைகளையும் இணைக்க வேண்டும். இணைப்புக்கு நல்ல குருதியோட்டம் வேண்டும், இழுவை இருக்கக்கூடாது. அது கசிந்தால் மலம் வயிற்றறைக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். வயிற்றை மூடுமுன் பஞ்சுத் துணிகளையும் கருவிகளையும் தாதி எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் கடைசித் தையல்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். கை பட்ட குடல் சில நாட்கள் உறங்கிவிடும், அசையாது. காற்றுப் பிரிந்தால் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். வயிறு மென்மையாக இருந்து, காய்ச்சலும் இல்லாவிட்டால் இணைப்பும் நன்றாக இருப்பதாக நம்பலாம். நிபுணரால் வயிற்றுக்குள் மறுபடி எட்டிப் பார்க்க முடியாது. உம்மும்மா சொல்லக் கூசிய அந்தச் செய்திக்காகத்தான் அவர் மூன்று நாட்களாகக் காத்திருந்தார்.

உண்மையில் உம்மும்மா கூசியது அன்று மட்டுமல்ல. மலத்தில் குருதி போவதை அவர் எட்டு மாதம் எவருக்கும் சொல்லவில்லை. மூலம் என்று நினைத்து வெந்தயமும் மோரும் குடித்திருக்கிறார். மெலிந்தபோது "நோன்பு பிடிச்ச இளைப்பு" என்றார். குளியலறையில் உம்மா தற்செயலாகக் கண்ட பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வெக்கம் மகள். ஆம்பிளை டொக்டருக்கு இதெ எப்பிடிச் சொல்ற?" என்றார்.

சத்திரசிகிச்சைக்கு முன் அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. தேவைப்பட்டால் குடலின் முனையை வயிற்றின் மேல் திறந்து பை பொருத்த நேரிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தாதி ஒருவர் வந்து உம்மும்மாவை இருக்கச் சொல்லி, நிற்கச் சொல்லி, ருகூஉ செய்வது போலக் குனியவும் சொல்லி, தோல் மடியாத இடத்தைப் பார்த்துப் பேனாவால் குறி வைத்தார். "பையோட எப்பிடித் தொழுற?" என்பதே உம்மும்மாவின் கவலை. வாப்பா எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு வந்தார். தடுக்க முடியாமல் கழிவு வெளியேறிக்கொண்டிருப்பவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் நேரம் வந்த பின் வுளூச் செய்து தொழலாம் என்று அவர் விளக்கினார். உம்மும்மாவுக்குப் பை தேவைப்படவில்லை. ஆனாலும் அந்தப் பதில் கிடைத்த பின்தான் சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட்டார்.

இரண்டு கிழமை கழித்து நோயியல் அறிக்கை வந்தது. அகற்றிய பகுதியில் குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களையாவது பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. உம்மும்மாவுக்கு 16 கணுக்களைப் பார்த்திருந்தார்கள். இரண்டில் புற்றுநோய்க் கலங்கள் இருந்தன. கத்தியால் எட்ட முடியாத கலங்கள் எங்காவது மிஞ்சியிருக்கலாம் என்பதால் இப்போது இரசாயனச் சிகிச்சை நடக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் அந்த இரண்டு கணுக்களும் சுத்தமாக இருந்திருக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

பெரும்பாலான பெருங்குடற் புற்றுநோய்கள் பொலிப் என்னும் சிறு முளையாகத் தொடங்கி, பல வருடங்கள் எடுத்தே புற்றுநோயாக மாறுகின்றன. முளையாக இருக்கும்போதே கண்டால் கொலனோஸ்கோப்பி மூலம் வெட்டாமலே அகற்றிவிடலாம். ஆகவே பெற்றோரிடமும் என் தோழியரிடமும் ஒரு வேண்டுகோள். மலத்தில் குருதி, சில கிழமைகளாக மாறிய மலப் பழக்கம், காரணமில்லாத மெலிவு, வயதானவர்களுக்கு வரும் சோகை, விழுங்கக் கஷ்டம், வலியில்லாத மஞ்சட் காமாலை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வைத்தியரிடம் போங்கள். எல்லாமே புற்றுநோயாக இருக்காது. மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர், நாமல்ல. பெண் வைத்தியர்தான் வேண்டுமென்றால் அதைக் கேட்பதிலும் தவறில்லை. வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் நாமே கேட்போம். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று படித்திருக்கிறோம். நோயை ஒளிப்பது அந்த வெட்கத்தில் சேராது என்று நான் நினைக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை நோய் விசாரிக்கப் பக்கத்து வீட்டு மாமி வந்திருந்தார். உம்மும்மா கதவைச் சாத்தச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒங்களுக்கு ரெத்தம் கித்தம் போறதா? போனா ஒளிக்க வாணாம்" என்றார். மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உம்மும்மாவின் பக்கமாகக் கதிரையை நகர்த்திப் போட்டுக்கொண்டார். நான் தேநீர் ஊற்றும் சாட்டில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.