அரை மரதன் ஓட்டமும் உடம்பின் பொறுமையும்

நெடுந்தூர ஓட்டத்துக்கு உடம்பைப் பழக்குவோர் மூச்சின் வலிமையையே முதலில் எண்ணுகின்றனர். ஓடும்போது இளைப்பு ஏற்படாதாயின் உடம்பு முழுவதும் ஆயத்தமாகிவிட்டது என்று கருதுவது இயல்பே. ஆனால், ஓட்டக்காரரை இடைவழியில் நிறுத்துவது பெரும்பாலும் மூச்சன்று. முழங்காலும் கணைக்காலும் குதிக்காலுமே. இஃது ஏன் நிகழ்கின்றது என்பதையும், இதனைத் தவிர்க்கும் வழி யாது என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் ஓடப்பெற்ற இத்தூரமே 1921 இல் பொது அளவாக ஏற்கப்பட்டது. அதிற் பாதியே அரை மரதன். ஓரடி ஏறத்தாழ ஒரு மீற்றர் எனக் கொள்ளின், இத்தூரத்தைக் கடப்பவர் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள் வைத்தல் வேண்டும். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் நிறையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலைத் தாக்குகின்றது.

உடம்பின் உறுப்புக்கள் யாவும் பயிற்சிக்கு ஒரே விரைவில் இணங்குவன அல்ல. பயிற்சி தொடங்கிய இரு வாரத்துள்ளேயே குருதியின் நீர்ப்பகுதி மிகுகின்றது. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடிய குருதியைச் செலுத்துகின்றது. ஆறு எட்டு வாரங்களில் தசைகள் ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் தெளிவாக உயர்கின்றது. தசைநாண்களோ குருதியோட்டம் குறைந்தவை. ஆதலின் மெல்லவே வலுப்பெறும். என்பு, தான் தாங்கும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றியமைக்கும் என்பதை யூலியசு வொல்வு என்னும் செருமானிய வைத்தியர் 1892 இல் நூலாக வெளியிட்டார். அங்ஙனம் மாறுங்கால் பழைய பகுதி முதலிற் கரைக்கப்படுகின்றது. இதற்குச் சில வாரங்கள் செல்லும். அவ்விடத்தைப் புதிய என்பு நிரப்பி உறுதிபெறவோ பல மாதங்கள் செல்லும். இடைக்காலத்தில் அவ்விடம் நலிந்தே இருக்கும். மூச்சு எளிதாகிவிட்டது என்று ஒருவர் தூரத்தைத் திடீரெனக் கூட்டுவதும் இக்காலத்திலேதான். காயங்களுட் பல இங்கே பிறக்கின்றன.

இவ்வகை என்பு முறிவு ஓட்டக்காரரிடத்தன்றிப் படைவீரரிடத்தே முதலில் அறியப்பட்டது. விழாமலும் அடிபடாமலும் நெடுநடையினாலேயே பாதம் வீங்கி நோவுற்ற வீரரைப்பற்றிப் புருசியப் படை வைத்தியர் ஒருவர் 1855 இல் எழுதினார். எக்ஸ் கதிர் 1895 இற் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, பாத என்பின் முறிவே அதற்குக் காரணம் என்பது புலனாயிற்று.

ஆகவே, பயிற்சியை மூச்சின் விரைவுக்கன்றி என்பின் விரைவுக்கே அமைத்தல் வேண்டும். 5 கிலோமீற்றரை எளிதாக ஓடவல்ல ஒருவருக்கு 16 வாரங்கள் தக்க காலம். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓடுதல் போதும். அவற்றுட் பெரும்பகுதி, உடன் ஓடுபவரோடு தடையின்றி உரையாடத்தக்க வேகத்தில் அமைதல் நன்று. வாரத்தில் ஒருநாள் ஓட்டத்தைமட்டும் சிறிது சிறிதாக நீட்டி, போட்டிக்கு மூன்று வாரம் முன்பு 16 முதல் 18 கிலோமீற்றர்வரை கொண்டுசெல்லலாம். நான்காம் வாரந்தோறும் தூரத்தைக் குறைத்தலும், இறுதி இரு வாரங்களிற் படிப்படியாகத் தணித்தலும் வேண்டும்.

வாரத் தூரத்தை 10 வீதத்துக்கு மேற் கூட்டலாகாது என்பது பலரும் அறிந்த விதி. எனினும், நெதர்லாந்தில் நடந்து 2008 இல் வெளிவந்த ஆய்வொன்றில், இவ்விதியைத் தழுவி 13 வாரம் பயின்ற புதியவர்களும், 8 வாரத்திற் பயின்றவர்களும் ஏறத்தாழச் சம அளவிற் காயமுற்றனர். ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை நோக்கி 2025 இல் வெளிவந்த ஆய்வோ, முந்திய 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தினும் 10 வீதத்துக்குமேல் ஒரே நாளில் மிகுத்து ஓடியவரிடத்துக் காயம் மிகுந்திருத்தலைக் கண்டது. ஆதலின், வாரத்தின் கூட்டுத்தொகையினும் ஒருநாட் பாய்ச்சலையே அஞ்சுதல் தகும்.

இனி, நோவு தோன்றின் செய்வது யாது? இரு காலின் தசைகளிலும் பரந்து தோன்றி, இரண்டு மூன்று நாளில் மறையும் நோவுக்கு அஞ்சவேண்டுவதில்லை. என்பின்மேல் ஒரே புள்ளியில், விரலால் அழுத்துங்கால் கூர்மையாகத் தோன்றி, ஓடுந்தோறும் வளர்ந்து, நடக்கையிலும் இரவிலும் தொடரும் நோவு வேறு. அப்போது ஓட்டத்தை உடனே நிறுத்தி வைத்தியரை நாடுதல் வேண்டும். தொடக்க வாரங்களில் எக்ஸ் கதிர்ப் படம் இம்முறிவைக் காட்டாமலும் போகலாம். ஆகவே, படம் தெளிவாயிருந்ததென்று மீண்டும் ஓடப் புகுதல் தவறு. நோவகற்றும் மாத்திரையை உட்கொண்டு ஓடுதலும், எச்சரிக்கும் மணியை அமுக்கிவைப்பதை ஒக்கும்.

தசைநாணின் இயல்பு இதனின் வேறானது. குதிக்காலின் மேலுள்ள தடித்த நாண் நோவுறின் முழு ஓய்வு மட்டும் அதனைத் தீர்க்காது. சுமையின்றி அது மேலும் நலியும். சுவீடன் நாட்டு வைத்தியர் அல்பிரெட்சன் என்பாரும் பிறரும் 1998 இல் ஒரு முறையை வெளியிட்டனர். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிக்காலை மெல்லக் கீழிறக்குதலே அது. முழங்காலை நீட்டியும் மடக்கியும், 15 தடவை கொண்ட மும்மூன்று தொகுதிகளாக, நாளுக்கு இருமுறை, 12 வாரம் இது செய்யப்படும். 12 வாரம் என்பதை நோக்குக: நாண் திருந்துதற்கும் காலமே மருந்து.

மீண்டும் ஓடத் தொடங்குவோர் முதலில் 30 நிமிடம் நோவின்றி நடக்க வல்லராதல் வேண்டும். பின்னர் நடையும் ஓட்டமும் மாறி மாறிச் சில நாள் பயிலலாம். மறுநாட் காலையில் நோவு மிகாதிருப்பின் ஓட்டத்தின் பங்கைக் கூட்டலாம். மிகின் ஒருபடி இறங்கலாம். போதிய உணவும் உறக்கமும் இல்லாதவிடத்து என்பு புதுக்கப்படுதல் குன்றும் என்பதையும் மறத்தலாகாது.

சில வாரம் பொறாதவர் பல மாதம் ஓடாதிருக்க நேரும். விரைந்து பழகும் மூச்சு, மெல்லப் பழகும் என்புக்காகக் காத்திருத்தலே நெடுந்தூர ஓட்டத்தின் முதற் பயிற்சியாகும்.