சும்மா இருக்கும் கணினிக்கு ஒரு வேலை

அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். திருத்தக் கொண்டுவருகிறவர்களில் பலர் என் மேசைக் கணினியின் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பிற்கொயின் தோண்டுற வேலையோ? எவ்வளவு குடுப்பினம்?" என்று கேட்பார்கள். ஒரு சதமும் கிடையாது. ரொறொன்ரோவில் உள்ள ஓர் ஆய்வு நிலையத்துக்காக அது புற்றுநோய்த் தரவுகளைக் கணக்குப் பார்க்கிறது. உங்கள் வீட்டிலும் செய்யலாம் என்று அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

கடிதம் அடிக்க, பிள்ளையின் பாடம் பார்க்க, யூடியூப் ஓட்ட, புரொசசரின் சிறு பங்கே போதும். மீதி சும்மா கிடக்கிறது. மறுபக்கத்தில், பெரிய சுப்பர் கணினி வாங்க வசதியில்லாத ஆய்வாளர்களிடம் மலைபோலக் கணக்குகள் குவிந்திருக்கின்றன. கோவில் அன்னதானத்துக்கு ஆளுக்கொரு கூடை வெங்காயம் உரிக்கக் கொடுப்பதுபோல, அந்தக் கணக்கைச் சிறு துண்டுகளாக்கி இணையத்தில் வீடு வீடாக அனுப்புகிறார்கள். ஒரே துண்டைப் பல திட்டங்களில் இரண்டு கணினிகளுக்குக் கொடுத்து, விடைகள் பொருந்தினால்தான் ஏற்பார்கள். குறித்த நாளுக்குள் விடை வராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்.

1999 மே மாதம் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகம் 'செற்றி அற் ஹோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளில் வேற்றுலக உயிர்களின் அடையாளம் இருக்கிறதா என்று தேடும் அந்த வேலைக்கு 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் கணினிகளைக் கொடுத்தார்கள். அதன் பின்னணியில் இருந்த டேவிட் அண்டர்சன் 2002 இல் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான 'பொயிங்க்' மென்பொருளைத் தொடக்கினார். இன்று நான் ஓட்டுவதும் அதுதான். 2020 இல் கொரோனா பரவியபோது 'ஃபோல்டிங் அற் ஹோம்' என்ற இன்னொரு திட்டத்தில் வீட்டுக் கணினிகள் சேர்ந்து ஒரு விநாடிக்குச் செய்த கணக்குகளை எழுத 1 இன் பின்னால் 18 பூச்சியம் போடவேண்டும். அன்றைக்கு எந்தத் தனிச் சுப்பர் கணினியும் அந்த அளவைத் தொட்டிருக்கவில்லை.

எனக்கு மனதில் நின்றது டெங்குத் திட்டம். 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு கார்த்திகை, மார்கழியில் அது கூடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த 2017 க்குப் பத்து வருடம் முன்பே, 2007 இல், டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு ஒரு தேடலைத் தொடங்கியிருந்தது. வைரஸ் பெருகுவதற்கு அதன் என்எஸ்3 புரோட்டியேஸ் என்ற நொதியம் வேண்டும். அந்த நொதியத்தின் குழிக்குள் பொருந்தி அதன் வேலையை அடைத்துவிடக்கூடிய மூலக்கூறு எது? ஒவ்வொன்றையும் ஆய்வுகூடத்தில் செய்து பார்க்க ஆயுள் காணாது. மூலக்கூறைக் கணினிக்குள்ளேயே திருப்பித் திருப்பி வைத்துப் பொருத்தம் பார்த்து, பொருந்துவதை மட்டும் ஆய்வுகூடத்துக்கு எடுத்தார்கள். கணக்கைச் செய்தவை உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகள். டெங்குவைக் குணமாக்கும் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. அதனால் அந்த உழைப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை. பொருந்தாதவற்றை ஒதுக்குவதும் மருந்து தேடுவதில் பாதி வேலை.

அந்தத் திட்டத்தை நடத்திய 'வேர்ல்ட் கொமியூனிற்றி கிறிட்' என்பதை 2004 இல் ஐபிஎம் நிறுவனம் தொடங்கியது. 2021 இல் அது ரொறொன்ரோவின் கிரெம்பில் ஆய்வு நிலையத்துக்குக் கைமாறியது. ரொறொன்ரோவில் ஒரு சொந்தமாவது இல்லாத வீடு எங்கள் ஊரில் அருமை. அங்கிருந்து காசு வருவதுதான் வழக்கம். இங்கிருந்து அங்கே உழைப்பு போவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். நுரையீரல், சூலகம் முதலியவற்றில் வரும் புற்றுநோயை முன்கூட்டியே காட்டக்கூடிய மரபணுக் கூட்டங்களைத் தேடுவதுதான் என் கணினி செய்யும் வேலை.

நிறுவுவது சுலபம். பேர்க்லியின் பொயிங்க் இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்; யாரோ தந்த பென் டிரைவில் இருப்பதைத் தொடவேண்டாம். திட்டத்தைத் தெரிவுசெய்து, மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தால் வேலை தானாக வரும். பள்ளிக்கூட, அலுவலகக் கணினியில் பொறுப்பானவரின் அனுமதியில்லாமல் போடக்கூடாது. பிறகு 'ஒப்ஷன்ஸ்' பட்டியலில் 'கொம்பியூட்டிங் பிறிஃபரென்சஸ்' என்ற இடத்துக்குப் போங்கள். அங்கேதான் கவனம் வேண்டும்.

முதலில் கரன்ட். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள்; மின்சாரத்தை அளந்துதான் செலவழிப்போம். நாலு கோர் உள்ள பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா நிற்கையில் 40 வாட் அளவும், முழு வேலையில் 90 வாட் அளவும் இழுக்கும். மேலதிகமான 50 வாட்டை நாளுக்கு 6 மணித்தியாலம் ஓட்டினால் மாதம் 9 அலகு. சிறிதுதான். ஆனால் பில் 60, 90, 120 என்று படிப்படியாக ஏறுவது. 85 அலகில் நிற்கும் வீடு 90 ஐத் தாண்டினால் நிலைக்கட்டணமும் கூடிவிடும். பழைய பில்லைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கூரையில் சோலார் இருந்தால் கதை வேறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை விழுந்துபோனதால், கூரைச் சோலார்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. பகலில் மின்சாரம் மிஞ்சும் காலம் வந்துவிட்டது. வேலை செய்யும் நேரத்தைக் காலை 9 முதல் 3 வரை என்று பொயிங்கில் குறித்துவிடலாம். அலகை விற்கிறவர்கள், கணினி எடுப்பது விற்கக்கூடிய அலகு என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பகல் என்றால் வெக்கை. சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரைக்குக் கீழே முழு வேகத்தில் ஓட்டவேண்டாம். நாலு கோரில் இரண்டை மட்டும் கொடுங்கள். புரொசசர் நேரத்தைக் குறைக்கும் இன்னொரு தெரிவும் உண்டு. அதில் வேலை விட்டுவிட்டு ஓடும், விசிறியும் ஏறி இறங்கி இரையும். கோரைக் குறைப்பதே நல்லது. எங்கள் செம்மண் தூசி இன்னொரு எதிரி. தோட்டத்தோடு ஒட்டிய வீட்டுக் கணினியைத் திறந்தால், புரொசசரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையில் சிவப்புக் கம்பளிபோல அது இறுகிக் கிடக்கும். காற்றுப் போக வழியில்லாமல் சூடு ஏறும். கரன்டைக் கழற்றி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். அதைச் செய்யாமல் பொயிங்க் போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மின்வெட்டுக்குப் பயப்படவேண்டாம். செய்த கணக்கைப் பொயிங்க் அடிக்கடி வட்டில் பதிந்துவைக்கும். கரன்ட் வந்ததும் கடைசியாகப் பதிந்த இடத்திலிருந்து தொடரும். மடிக்கணினி பற்றரியில் இருந்தால் பொயிங்க் தானே நின்றுவிடும். போன் டேற்றாவில் இணைப்பவர்கள் நாளுக்கு இத்தனை மெகாபைற் என்று எல்லை போட்டுவைக்கலாம்.

இரண்டாவது திட்டம் ஒன்றையும் சேர்த்துவைப்பது நல்லது. கைமாறிய வேர்ல்ட் கொமியூனிற்றி கிறிட் 2022 இல் ரொறொன்ரோவுக்கு இடம் மாறுகையில் மாதக்கணக்கில் வேலை வரவில்லை. நான் சேர்த்திருப்பது 'றொசெற்றா அற் ஹோம்'. புரத வடிவமைப்புக்காக 2024 இல் வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வுகூடத்தோடு சேர்ந்தது. அதன் பங்கைப் பூச்சியம் என்று போட்டால், முதல் திட்டத்தில் வேலை இல்லாதபோது மட்டும் அங்கிருந்து எடுக்கும்.

ஊருக்கு வெளியே போவதாக இருந்தால், இரண்டொரு நாள் முந்தியே 'நோ நியூ ராஸ்க்ஸ்' என்பதை அழுத்திவிடுங்கள். கையில் இருப்பதை முடித்து அனுப்பிய பிறகு கணினியை நிறுத்தினால், உங்கள் விடைக்காக ஆய்வாளர்கள் தவணை முடியும்வரை காத்திருக்க வேண்டியிராது.