வெக்கை ஒழிந்தது, கழிச்சல் ஒழியவில்லை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் ஒன்றிரண்டு கறவை மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. மேய்ச்சல் நிலங்கள் மனைகளாகிவிட்டதால் மாடுகள் நெருக்கமான கொட்டகைகளில் கட்டப்படுகின்றன. ஒரே தொட்டியில் பல மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. சந்தையில் வாங்கி வந்த மாடு அன்று மாலையே மற்ற மாடுகளோடு நிற்கிறது. தொற்று நோய் பரவ இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை.

மாடு கழிந்தால், தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பது பலருக்கும் வழக்கம். ஒரு மாடு மட்டும் கழிந்தால் அது செரிமானக் கோளாறாகவோ குடற்புழுவாகவோ இருக்கலாம். ஆனால் காய்ச்சலோடு அடுத்தடுத்துப் பல மாடுகள் கழிந்தால் பொறுத்திருக்கக் கூடாது. இதை நம் முன்னோர் பெரும் விலை கொடுத்துக் கற்றனர்.

வெக்கை நோய்

மாடுகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்களில் கொடியது வெக்கை. முதலில் கடுங்காய்ச்சல் வரும். பால் சட்டென்று வற்றும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். சில நாட்களில் ஈறுகளிலும் உதட்டின் உட்புறத்திலும் தவிடு தூவியதுபோல் புண்கள் தோன்றும். பிறகு நாற்றமடிக்கும் கழிச்சல், ரத்தத்தோடும் போகும். உடலின் நீரெல்லாம் வற்றி, ஒன்றிரண்டு வாரங்களுக்குள் மாடு மாண்டுவிடும். 1890களில் இந்நோய் ஆப்பிரிக்காவில் புகுந்தபோது பல பகுதிகளில் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் மடிந்தன. உழவும் பாலும் நின்று மக்களும் பஞ்சத்தில் மாண்டனர்.

இந்தியாவில் கால்நடை நோய் ஆராய்ச்சிக்கு 1889ல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. 1893ல் அது இமயமலைச் சாரலிலுள்ள முக்தேஸ்வருக்கு மாற்றப்பட்டது. வெக்கைக் கிருமியைக் கையாள ஊர் மாடுகளுக்கு எட்டாத இடம் தேவைப்பட்டதே காரணம். அங்குதான் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1920களில் வெள்ளாட்டின் உடலில் கிருமியை வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினார்.

தமிழ்நாட்டின் பங்கும் சிறிதல்ல. பூந்தமல்லியிலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 90 கிலோமீட்டர் சென்றால் இராணிப்பேட்டை. வெக்கைக்கு எதிரான சீரம் தயாரிக்க 1932ல் அங்கு தொடங்கப்பட்ட நிலையமே இன்றைய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் ஆகும்.

ஒழித்தது எப்படி?

வெக்கைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு முறை தடுப்பூசி போட்ட மாட்டுக்கு ஆயுள் முழுதும் பாதுகாப்பு. பிழைத்த மாடு நோயை ஒளித்து வைத்துப் பரப்புவதில்லை. மாட்டின் உடலுக்கு வெளியே, வெயிலில், கிருமி வெகு நேரம் உயிர் வாழாது. ஆகவே எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுவிட்டால் நோய் தங்க இடமின்றிப் போகும். இந்த நம்பிக்கையில் 1954ல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது.

நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் முற்றிலும் ஒழிய 40 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நாட்டின் கடைசி வெக்கை 1995ல் கண்டது. எங்கே? மருந்து தயாரித்த நிலையம் இருந்த அதே வட ஆர்க்காட்டுப் பகுதியில்! புட்டியில் இருக்கும் மருந்து மாட்டைக் காப்பதில்லை. கொட்டகைக்கு வந்து சேர்ந்தால்தான் காக்கும். அதன் பின் ஊர் ஊராகச் சென்று, காய்ச்சலும் கழிச்சலும் கண்ட மாடு உண்டா என்று தேடினார்கள். 2006ல் இந்தியாவும் 2011ல் உலகமும் வெக்கை நீங்கியதாக அறிவிக்கப்பட்டன. பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகை விட்டே ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றுதான்.

இப்போது வெக்கைக்கு ஊசி போடுவதில்லை. ஆதலால் இன்றைய மாடுகளுக்கு அதை எதிர்க்கும் சக்தியும் இல்லை. கண்காணிப்பு ஒன்றே வேலி.

இன்றுள்ள கழிச்சல்கள்

வெக்கை போனாலும் வேறு வைரஸ்கள் இருக்கின்றன. பிறந்து நான்கைந்து நாள் முதல் இரண்டு மூன்று வாரம் வரையுள்ள கன்றுகளை ரோட்டா வைரஸும் கொரோனா வைரஸும் தாக்கி, மஞ்சளாக நீர்போல் கழியச் செய்கின்றன. (மாடுகளைத் தாக்கும் இந்தக் கொரோனா, கோவிட் நோய்க் கிருமியினின்று வேறானது.) ரோட்டா வைரஸ் சாணத்தில் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். இவை போக, மாட்டு வைரஸ் கழிச்சல் என்று ஒரு நோய் உண்டு. சினையின் ஆரம்ப மாதங்களில் தாயைத் தாக்கினால், பிறக்கும் கன்று ஆயுள் முழுதும் கிருமியைக் கக்கிக்கொண்டே இருக்கக்கூடும். பார்வைக்கு நல்ல கன்றாகவே தோன்றலாம்.

ஆடும் வளர்ப்போர் ஆட்டுக்கொல்லி நோயை நினைவில் கொள்ள வேண்டும். வெக்கைக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த இந்நோய், இந்தியாவிலேயே முதன்முதலாக 1987ல் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் அறியப்பட்டது. இதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது.

சீம்பாலே முதல் மருந்து

கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி கிடையாது. அது சீம்பால் வழியாகவே வருகிறது. பிறந்த 24 மணி நேரத்திற்குப் பின் அச்சக்தியை உறிஞ்சும் வழி கன்றின் குடலில் அடைபட்டுவிடும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பால் கறக்காமல் காத்திருப்பது கன்றுக்குச் செய்யும் கெடுதல். பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் முதல் சீம்பால் கொடுக்க வேண்டும். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு தேவை. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர்.

கழிச்சல் கண்டால்

கழியும் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமியல்ல, நீர் வற்றுதலே. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புக் கரைசல் பொட்டலத்தைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, பால் வேளைகளுக்கு இடையே பலமுறை கொடுக்கலாம். சர்க்கரையும் வெல்லமும் கரைத்துக் கொடுக்க வேண்டாம். கன்றின் குடலுக்கு அவற்றைச் செரிக்கும் திறன் இல்லாததால் கழிச்சல் கூடும். பாலை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். கண் குழிந்து, காது சில்லிட்டு, கன்று எழ முடியாமல் கிடந்தால் அதற்கு ரத்தக் குழாய் வழியாக நீர் ஏற்ற வேண்டும். உடனே மருத்துவரை அழைக்கவும். மீதமிருந்த ஆன்டிபயாடிக் மருந்தைத் தாமாகக் கொடுப்பது வீண். அது வைரஸைக் கொல்லாது.

நோயுற்றதைத் தனியே கட்ட வேண்டும். நல்ல மாடுகளைக் கவனித்த பிறகே நோயுற்றதைத் தொட வேண்டும். பின் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சாணத்தையும் படுக்கை வைக்கோலையும் குழியிலிட்டுச் சுண்ணாம்பு தூவி மூடவும். கொட்டகைத் தரையைக் கழுவி உலர விடவும். புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் சேர்க்கவும். இடமில்லாதவர்கள் கொட்டகையின் கடைசி மூலையில் தனித் தொட்டி வைத்தாவது கட்டலாம்.

மறைக்க வேண்டாம்

நோய் என்று தெரிந்தால் பால் வாங்குவோர் நின்றுவிடுவார்களே என்று அஞ்சிச் சிலர் மறைக்கிறார்கள். மாட்டை அவசரமாக விற்போரும் உண்டு. விற்ற மாட்டோடு நோயும் அடுத்த தெருவுக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பியும் வருகிறது. இரண்டு மாடுகளுக்கு மேல் காய்ச்சலும் கழிச்சலும் கண்டாலோ, வாயில் புண் தோன்றினாலோ, அன்றே அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியையும் அழைக்கலாம். வாய்ப்புண் கோமாரியாகவும் இருக்கலாம். கோமாரி ஊசியின் பாதுகாப்பு ஆயுள் முழுதும் நிற்காது. ஆறு மாதத்திற்கொரு முறை முகாமுக்கு மாட்டை ஓட்டிச் செல்லத் தவறக் கூடாது.

வெக்கையை ஒழித்தவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமல்ல. மாட்டைப் பிடித்து ஊசிக்கு நிறுத்தியவர்களும், "எங்கள் கொட்டகையில் மாடு கழிகிறது" என்று ஒளிக்காமல் சொன்னவர்களும் சேர்ந்தே ஒழித்தார்கள். ஒரு மாடு வைத்திருப்பவரும் அதைச் செய்யலாம்.