மின்சாரம் நின்றாலும் சிகிச்சை நிற்கலாகாது

வடகிழக்குப் பருவமழைக் காலமே நம் கடலோர மாவட்டங்களுக்குப் புயற்காலமும் ஆகும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலும், 2018 நவம்பரில் டெல்டா மாவட்டங்களைத் தாக்கிய கஜா புயலும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. நலமாக இருப்போருக்கு அது இடையூறு. நோயாளரைப் பராமரிக்கும் வீட்டிற்கோ அது சிகிச்சைக்கே தடை. ஆகவே, மின்சாரமின்றி நம் வீட்டுச் சிகிச்சை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை, மழைக்கு முன்பே ஒவ்வொரு குடும்பமும் கணக்கிட்டு வைக்க வேண்டுகிறோம்.

இன்சுலின்: குளிர்சாதனப் பெட்டியைத் திறவாதிருந்தால் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதன்பின்னும் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரி செல்சியஸுக்கு மிகாத வெப்பத்தில் நான்கு வாரங்கள் வரை பயன்படும். உங்கள் மருந்துக்குரிய கால அளவை அதன் உறையில் காணலாம். ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு கலயம் ஒன்றைப் பதித்து, நீர் புகாத உறையிலிட்ட மருந்தை அதனுள் நிழலில் வைக்கலாம். பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைக்கலாகாது. உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

ஆக்சிஜன்: செறிவூட்டும் கருவி மின்சாரத்தை நம்பியே இயங்குவது. எனவே நிரப்பிய சிலிண்டர் ஒன்று துணையிருத்தல் வேண்டும். 1,500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர், நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். ஆக்சிஜன் உள்ள அறையில் விளக்கோ மெழுகுவர்த்தியோ ஏற்றாதீர்கள். மின்கல விளக்கே பாதுகாப்பானது. ஜெனரேட்டரை வீட்டினுள் இயக்குவது உயிருக்கே ஆபத்து. அதன் நச்சுப்புகைக்கு மணமில்லை.

டயாலிசிஸ்: புயல் எச்சரிக்கை வந்தவுடன் எங்கள் பிரிவை அழைத்து, முறையை முன்கூட்டியே பெற முயலுங்கள். முறை தள்ளிப்போனால் நீரின் அளவை மருத்துவர் கூறியவாறு குறைத்துக்கொள்ளுங்கள். அன்போடு தரப்படும் இளநீரும் வாழைப்பழமும் அந்நாட்களில் கூடாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பைப் பாதிக்கும்.

ஒரு வாரத்திற்கான மருந்துகள், மருந்துச்சீட்டின் நகல், அண்மைப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை நெகிழி உறையிலிட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். கைப்பேசிக்கு முழு மின்னேற்றம் செய்து, அதன் எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும், மின்சாரம் வரட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உங்கள் கணக்கை எங்கள் செவிலியரிடம் காட்டுங்கள். குறையிருப்பின் சேர்ந்து சரிசெய்வோம்.